அஞ்சு தடவை அழுத்தின அக்கா

அக்காகிட்ட நான் மொதல்ல வாங்கினது ஒரு அடி. வேலைக்குச் சேந்து மூணாவது நாள். "பட்டன் நல்லா வேலை செய்யுதுக்கா, பாத்துட்டேன்"னு சொல்லிட்டுத் திரும்பினேன். முதுகுல பொளேர்னு விழுந்துச்சு. கையில இருந்த போன் எகிறி மேஜைக்கு அடியில போயிடுச்சு.

"இப்ப அழுத்து"ன்னுச்சு அக்கா.

நான் குனிஞ்சு தேடினேன்.

"நீ தேடி எடுக்கற வரைக்கும் அடிக்கறவன் டீ குடிச்சுனு இருப்பானா? மேஜை மேல வெச்சு அழுத்தினா எல்லாந்தான்டி வேலை செய்யும்."

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. எங்கப்பா கூட என்னைக் கை நீட்டி அடிச்சதில்ல. ஹாஸ்டலுக்குப் போயி பெட்டியக் கட்டிட்டு, எங்க ஊரு கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த பஸ் எப்பன்னு கூட விசாரிச்சுட்டேன். அப்புறம் உக்காந்து யோசிச்சா, அக்கா கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. மறுநாள் போயி, துணிக்குள்ள பாக்கெட்ல இருக்கறப்பவே அழுத்தற மாதிரி மாத்தி எழுதினேன்.

அக்கா பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. அக்காவோட புருஷன் இப்ப ஜாமீன்ல வெளிய இருக்கான். படிக்கத் தெரிஞ்சவன்.

எங்க ஆபீஸ் வேங்கிக்கால்ல, ஒரு வீட்டு மாடி. மொத்தம் ஆறு பேரு. முதலாளிய சார்னு கூப்பிடுவோம். நாங்க செஞ்சது ஒரே ஒரு ஆப். பொம்பளைங்களுக்கானது. யாராவது அடிக்க வந்தா போனோட பக்கத்து பட்டனை அஞ்சு தடவை அழுத்தணும். திரையத் தொட வேணாம், ஆப்பைத் திறக்க வேணாம். நாம முன்னாடியே குறிச்சு வெச்ச ஆளுக்கு "ஆபத்து, இந்த எடத்துல இருக்கேன்"னு மெசேஜ் போயிடும். அவ்ளோதான் விஷயம். நான் அதை எழுதறவ. அக்கா அதை உடைக்கறவ. டெஸ்டர்னு சம்பளப் பட்டியல்ல பேரு. ஆனா அது அக்காவுக்கு வேலை இல்ல, குணம். எதையும் உடைச்சுப் பாக்காம நம்பாது.

புருஷனை விட்டுட்டு வந்து அக்கா தனியா வாடகைக்கு வீடு பாக்கப் போனப்ப நானும் கூடப் போனேன். வீட்டுக்காரம்மா உள்ள நின்னு கிச்சன், பாத்ரூம்னு காட்டினு இருக்காங்க. அக்கா வெளிய போயி, "உள்ள தாழ்ப்பாள் போடுங்க"ன்னுச்சு. போட்டாங்க. அடுத்த நிமிஷம் கதவு மேல டமார்னு ஒரு ஒதை. ரெண்டாவது ஒதை. மூணாவதுல தாழ்ப்பாள் பேத்துக்கினு வந்துடுச்சு. வீட்டுக்காரம்மா நெஞ்சுல கை வெச்சுனு செவுத்தோட ஒட்டி நிக்கறாங்க. "இரும்புல போட்டுக் குடுங்கம்மா, நாளைக்கே குடி வந்துடறேன்"னு அக்கா அமைதியா சொல்லுது. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. ஆனா அந்தம்மா இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தாங்க, வீட்டையும் குடுத்தாங்க. அவங்களுக்கும் ஏதோ புரிஞ்சிருக்கணும்.

நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் டிபன் பாக்ஸ்ல ஆட்டு ரத்தம் கொண்டாந்துச்சாம். கறிக்கடையில பொரியலுக்குன்னு விக்கறாங்களே, அது. அப்பல்லாம் எங்க ஆப்ல பட்டன் கெடையாது. திரையில ஒரு செவப்பு வட்டம் வரும், அதை வெரலால இழுக்கணும். சார் அதைப் பெருமையா எல்லாருக்கும் காட்டுவாரு. அக்கா அவர் மேஜை மேல டிபன் பாக்ஸைத் திறந்துச்சு. அஞ்சு வெரலையும் உள்ள முக்கிச்சு. போனை எடுத்து வட்டத்தை இழுத்துச்சு. வழுக்குது. இன்னொரு வாட்டி. திரை பூரா செவப்பு, வட்டம் மட்டும் எடத்தை விட்டு நகரல. மேஜை மேல, சார் வெச்சிருந்த சாமி காலண்டர் மேலல்லாம் சொட்டு.

சார் விபூதி நெத்தியோட வெளிய ஓடி வாந்தி எடுத்தாராம்.

"எப்பிடிக்கா உனக்கு இதெல்லாம் தோணுது?"ன்னு இதைக் கேள்விப்பட்டப்ப கேட்டேன்.

"தோணலடி. தெரியும்."

எடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுச்சு. எலும்பு கோணலா சேந்திருந்துச்சு. கிரைண்டர் கல்லு மேல வெச்சு புருஷன் ஒடிச்சது. அன்னிக்கு அக்கா போன் போடப் பாத்திருக்கு, வெரல்ல இருந்த ரத்தத்துல நம்பரே விழல. ரத்தம் கொண்டாந்த மாசமே வட்டத்தைத் தூக்கிட்டு பட்டன் வெச்சிருக்காங்க.

சத்தம் வரவே கூடாதுங்கறதும் அக்காதான். மெசேஜ் போனதும் போன் ஒரு பீப் அடிக்கணும்னு நான் சொன்னேன், போச்சா போகலையான்னு தெரியணும்ல. "பீப் அடிச்சா அவன் போனைப் புடுங்கி உடைப்பான். அப்புறம் உன்னை உடைப்பான். மூடிக்கினு போவட்டும்"னுச்சு. பீப்பைத் தூக்கிட்டோம். அடி வாங்கின அனுபவம் எங்க யாருக்கும் இல்ல.

சாரையே ஒரு நாள் அடிக்கற ஆளா நிக்க வெச்சுது. பின்னாடி வந்து முடியப் புடிச்சு இழுக்கணும், அக்கா அந்த நேரத்துல அழுத்திப் பாக்கும். சார் பாவம், ரெண்டு வெரலால முடிய லேசாத் தொட்டு, "சாரிம்மா"ன்னாரு. "சாரி கேட்டுட்டு எவன் சார் அடிக்கறான்? நல்லா இழுங்க!" ரெண்டாவது வாட்டி இழுத்தாரு. அவ்ளோதான், அக்காவோட முழங்கை அதுவாப் பின்னாடி போயி அவர் வாயில எறங்குச்சு. முன்பல்லு ஒண்ணு ஆடி, மூணாவது நாள் விழுந்துடுச்சு. அக்கா சாயங்காலம் "வேணும்னு பண்ணலடி"ன்னு என்கிட்ட மட்டும் சொல்லுச்சு.

உண்மையச் சொல்றேனே, எனக்குப் பயமாவும் இருக்கும். பேசினு இருக்கறப்பவே தோள்ல குத்தும், தலையில தட்டும், கையைப் புடிச்சு முறுக்கும். ஒரு நாள் தாங்க முடியாம கேட்டுட்டேன்: "நீயும் அவன மாதிரித்தானேக்கா அடிக்கற?"

வாயை விட்டு வந்த பிறகுதான் ஐயோன்னு இருந்துச்சு. அக்கா மொகம் செத்துப் போச்சு. ரெண்டு நாள் என் பக்கமே திரும்பல. மூணாவது நாள் மொட்டை மாடிக்குக் கூட்டினு போச்சு. எதுத்தாப்ல மலை. அக்கா மலையைப் பாக்கல, என்னையே பாத்துது.

"அடி"ன்னுச்சு.

"இன்னாக்கா?"

"நான் அடிச்சதெல்லாம் சேத்து அடி. அவன திருப்பி அடிக்க முடியாதுடி, கொன்னுடுவான். என்னை அடிக்கலாம். அதான் வித்தியாசம்."

நான் மாட்டேன்னு அழுதேன். விடல. கடைசியில கன்னத்துல ஒண்ணு வெச்சேன், நல்லாவே. அக்கா கன்னத்தைத் தடவினு, "பரவால்ல, கையில சத்து இருக்கு"ன்னுச்சு. அதுக்கப்புறம் என்னை அடிக்கறது கம்மியாச்சு. நிக்கல.

அக்கா தன் சொந்தப் போன்லயும் எங்க ஆப்பை வெச்சிருந்துச்சு. மெசேஜ் போக அஞ்சு பேரைக் குறிக்கலாம். அக்கா ஒருத்தியத்தான் குறிச்சிருந்துச்சு, என்னை. "அஞ்சு பேரு இருந்தா மத்த நாலு பேரு போவாங்கன்னு ஒவ்வொருத்தரும் உக்காந்துனு இருப்பாங்க. ஒருத்தின்னா ஓடி வரணும்." ஹாஸ்டல்லருந்து அக்கா வீட்டுக்கு ஸ்கூட்டில எவ்ளோ நேரம்னு என்னை ஓட்ட வெச்சு வாசல்ல நின்னு மணி பாத்துச்சு. ஆறு நிமிஷம்.

ஆபீஸ் போனுங்களை நாளுக்கு நூறு வாட்டி அழுத்தி, ஒதைச்சு, தண்ணியில போட்டுப் பாக்கற அக்கா, சொந்தப் போன்ல இருந்த ஆப்பை மட்டும் தொட்டதே இல்ல. "அதை அழுத்தினா அவன் கதவாண்ட வந்து நிக்கற மாதிரி இருக்குதுடி"ன்னுச்சு. உலகத்துல அது டெஸ்ட் பண்ணாம நம்பின ஒரே பொருள் அதுதான்.

பெங்களூர்ல ஒரு பெரிய மாநாடு நடந்துச்சு. ஆப் எழுதறவங்களுக்கானது. போனுக்குள்ள ஓடற புது சிஸ்டத்தை, வெளிய வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எங்களுக்குக் காட்டுவாங்க. சார் எங்க ரெண்டு பேரை அனுப்பினாரு. புதன்கிழமை விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறினோம். பஸ்ல எவனோ கால் நீட்டி அக்கா மேல படவெச்சான். அக்கா செருப்புக் காலால அவன் பாதத்தை ஒரே மிதி. அவன் ஊத்தங்கரையில எறங்கறவரைக்கும் நொண்டினான்.

மண்டபம் ஜில்லுனு இருந்துச்சு. எல்லார் கழுத்துலயும் ரிப்பன்ல அட்டை. மேடையில ஒரு இளவட்டம், நம்ம ஊர்க்காரன்தான், தமிழ் பேசறவன். சினிமாத் திரை அளவுக்குப் போன் தெரியுது. புது நெறம், புது எழுத்து, எல்லாத்துக்கும் கைதட்டு. அப்புறம் சொன்னான்: நீங்க மூணு மாசம் திறக்காத ஆப்பை இனிமே போனே தூங்க வெச்சிடும். அதுக்குக் குடுத்த அனுமதி எல்லாத்தையும் எடுத்துடும். பேட்டரி மிச்சம். இதுக்குத்தான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி கைதட்டு.

அக்கா எழுந்து மைக்கைப் புடுங்கிச்சு. புடுங்கிச்சுன்னா, மைக் வெச்சிருந்த பொண்ணு தடுமாறிப் போச்சு.

"எங்க ஆப்பை யாரும் திறக்கற நெலமை வரக் கூடாதுன்னு வேண்டிக்கறோம் சார். ஒருத்தி அதை மூணு வருஷம் திறக்கலன்னா அவ நல்லா இருக்கான்னு அர்த்தம். மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் அவன் வருவான். அன்னிக்கு உங்க போன் தூங்கினா?"

"அருமையான கேள்வி"ன்னான் அவன். அதுக்கும் கைதட்டினாங்க. அக்காவுக்கு அந்தக் கைதட்டுலதான் வெறி ஏறிடுச்சு. இடைவேளையில அவனைத் தேடிப் போயி, கழுத்து ரிப்பனைச் சுருட்டிப் புடிச்சு, மூஞ்சை மூஞ்சாண்ட இழுத்து, "கேள்வி அருமையா இருக்கறது கெடக்கட்டும். பதில் இன்னா?"ன்னுச்சு. நாலு பேரு ஓடியாந்தாங்க. அவன் நல்ல புள்ள, கோவப்படல. மூச்சு வாங்கினு சொன்னான்: "புது சிஸ்டத்தோட பிரிவியூவை, அதான் முன்னோட்டத்தை, இன்னிக்கே குடுக்கறோம்க்கா. உங்க போன்ல போட்டுப் பாருங்க. தப்பா இருந்தா எழுதி அனுப்புங்க. நாங்களே மாத்துவோம்."

எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு. பிரிவியூங்கறது அரைவேக்காடு, அதைத் தெனம் பொழங்கற போன்ல போடக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போடுவாங்க. எங்க கையில இருந்த போனுங்கள்ல அந்தப் பிரிவியூ ஏறக்கூடிய மாடல் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அக்காவோட சொந்தப் போன்.

"என் போன்ல வேணாம்டி."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பழசை ஏத்திக் குடுத்துடறேன்க்கா. மூணு மாசம் கழிச்சுதானே தூங்கும்? மூணு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

குடுத்துச்சு. நான் கேட்டதால குடுத்துச்சு. அன்னிக்கே ஏத்திட்டேன்.

வியாழக்கிழமை சாருக்கு மாநாட்டுல பாத்ததையெல்லாம் எழுதிக் குடுத்தேன். வெள்ளிக்கிழமை வேற வேலை. பழசை ஏத்தணும்னா போனை மொத்தமா அழிச்சு, ஒயர் போட்டு ஒரு மணி நேரம் உக்காரணும். சனிக்கிழமை "நாளைக்குக்கா"ன்னேன். ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல பிரியாணி. தின்னுட்டு, போனைத் தலமாட்டுல வெச்சுட்டு, பொணமாத் தூங்கினேன். நாலரைக்கு எழுப்பினது அக்காவோட வீட்டுக்காரம்மா. அழுதுனே பேசினாங்க, ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரிங்கற வார்த்தை மட்டும் புரிஞ்சுது.

மூணு மணிக்கு அவன் வந்திருக்கான். "தண்ணி கேன்"னு கொரலை மாத்திக் கூப்பிட்டிருக்கான், அக்கா கதவைத் திறந்திருக்கு. மொத அடியிலயே கீழ விழுந்துடுச்சு. விழுந்த வாக்குலயே நைட்டி பாக்கெட்ல கைய விட்டு அஞ்சு தடவை அழுத்திடுச்சு. செவுத்துல கடிகாரம் இருக்குது. அக்கா மணியப் பாத்துச்சு.

அதுக்கப்புறம் அக்கா பண்ணதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. அது திருப்பி அடிக்கவே இல்ல. சாரோட பல்லைத் தட்டின அக்கா, பஸ்ல ஒருத்தன் பாதத்தை நசுக்கின அக்கா, சுருண்டு படுத்துனு வாங்கிக்கிச்சு. திருப்பி அடிச்சா அவன் கத்திய எடுப்பான், ஆறு நிமிஷத்துல நான் வந்துடுவேன், ஆறு நிமிஷம் தாங்கினாப் போதும்னு. பெல்ட்டால அடிச்சான். முடியப் புடிச்சு சிங்க் விளிம்புல மோதினான். தோள்பட்டை எலும்பு மேல ஏறி நின்னான், அது ஒடியற சத்தம் அக்காவுக்கே கேட்டுச்சாம். பாக்கெட்லருந்து விழுந்த போனைக் குதிகாலால மிதிச்சுத் தூளாக்கினான். அக்கா கடிகாரத்தையே பாத்துனு இருந்திருக்கு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாவது நிமிஷம் அடுப்பு மேல இருந்த குக்கரை ஒத்தைக் கையால இழுத்து, வெந்துனு இருந்த பருப்போட அவன் மூஞ்சுல அடிச்சுது. அவன் அலறின அலறல்லதான் தெருவே வந்துச்சு. அவனும் அதே ஆஸ்பத்திரி, ஆம்பளைங்க வார்டு, பக்கத்துல போலீஸ்.

நான் போனப்ப அக்காவுக்கு ஒரு கண்ணு மூடிக் கெடந்துச்சு. மொகத்துல தையல். என்னைப் பாத்ததும் "வா, உக்காரு"ன்னுச்சு, அவ்ளோ மெதுவா.

"தூங்கினியாடி?"

"ஆமாக்கா."

"மெசேஜ் வந்துச்சா?"

"வரலக்கா. சத்தியமா வரல."

"மூணு மாசம்னுதானே மேடையில சொன்னான்?"

அன்னிக்கு சாயங்காலம்தான் பிரிவியூவோட கூட வந்த குறிப்பை உக்காந்து படிச்சேன். பொடி எழுத்துல போட்டிருக்கான்: சோதனை வசதிக்காக, இந்தப் பிரிவியூல மட்டும் மூணு மாசத்துக்குப் பதிலா மூணு நாள். மறுநாள் கொண்டு போயிக் காட்டினேன். ஒத்தைக் கண்ணால படிச்சுது. "எழுதி வெச்சிருக்கறதெல்லாம் நடக்குதா?"ன்னுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. என்னை அடிக்கல. திட்டல. அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

அக்கா நெனச்சது எனக்குப் புரிஞ்சுது. மெசேஜ் வந்திருக்கு, இவ தூங்கிட்டா, எழுந்து பாத்துட்டு பயந்து அழிச்சிருக்கா. அப்பிடி இல்லன்னு நிரூபிக்க வழியில்ல. அக்காவோட போனு தூளு. இன்னும் கேவலம் என்னன்னா, எனக்கே சந்தேகம். நான் தூக்கத்துலயே அலாரத்தை அமுக்கிட்டு, எழுந்து "அலாரமே அடிக்கல"ன்னு சண்டை போடறவ. ஹாஸ்டல் பூரா அதைச் சொல்லிச் சிரிக்கும். மெசேஜ் வந்து, நானே தூக்கத்துல அழிச்சிருந்தா?

அக்கா சாரைக் கூப்பிட்டு, அதே மாடல் போன் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுச்சு. தன்னோட நம்பரு, அதே பிரிவியூ, அதே ஆப், குறிச்ச ஆளு நான். தலகாணிக்கு அடியில மூணு நாள் ஆப்பைத் திறக்காம வெச்சிருந்துச்சு. நாலாவது நாள் மத்தியானம் ஆள் விட்டனுப்பி என்கிட்ட சொல்லுச்சு: அதே கட்டில்ல படு. அதே மாதிரி போனைத் தலமாட்டுல வெய்யி. மூணு மணி.

படுத்தேன். ஃபேன் ஓடுது. மெசேஜ் வந்துச்சுன்னா நான் கொலகாரி. வரலன்னா நான் தப்பிச்சேன். அங்க ஒருத்தி உதவின்னு அழுத்தப் போறா, இங்க நான், அருணாசலா, அது வந்துடக் கூடாதுன்னு கையக் கூப்பினு படுத்திருக்கேன். அவ்ளோ அசிங்கமா என்னை நான் பாத்ததே இல்ல.

மூணு. மூணு மூணு. மூணு ஆறு. போன் அடிச்சுது. ஏதோ புது நம்பரு. பக்கத்து பெட் அம்மாவோட போன்லருந்து அக்கா.

"மூணு மணிக்கு அழுத்திட்டேன். வந்துச்சா?"

"வரலக்கா."

"தூங்கிட்டியா?"

"இல்லக்கா. கொட்டக் கொட்ட முழிச்சுனு இருக்கேன். வரவே இல்லக்கா."

வார்டுல யாரோ இருமறாங்க. ஏதோ வண்டி உருள்ற சத்தம். அப்புறம் அக்கா மூக்கை உறிஞ்சறது கேட்டுச்சு.

"இங்க என் போன்லயும் போன அடையாளமே இல்லடி. இத்தினி நாளா உன்னைத்தான்டி மனசுக்குள்ள போட்டு அடிச்சுனு இருந்தேன். அவனைக் கூட இல்ல."

"ஆனா அதை உன் போன்ல ஏத்தினது நான்தானேக்கா"ன்னேன்.

"அது தெரியும். அதுக்குக் கெளம்பி வா. ஒரு கை இன்னும் நல்லாத்தான் இருக்கு."

ஸ்கூட்டி சாவிய எடுத்துனு ஓடினேன்.